அமைதிச் சேமிப்பு

வெள்ளிவலை பிராட்பேண்ட்காரர்கள் எங்கள் தெருவுக்கு முதன்முதலாக வந்தபோது செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டார்கள். சுவரில் துளை போட்டதும் தூசியைத் தாங்களே கூட்டி அள்ளினார்கள். போகும்போது வீட்டுக்கு ஒரு சாக்லேட் டப்பா வேறு கொடுத்தார்கள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். இவ்வளவு குழைகிறவன் எதற்கோ அடி போடுகிறான் என்றுதானே அர்த்தம்.

முதல் வருடம் நெட் தண்ணீராக ஓடியது. அடுத்த வருடம் மழை வந்தால் நின்றது. அதற்கடுத்த வருடம் மேகம் கூடினாலே நின்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். குறை சொல்ல போன் செய்தால் மனிதர் யாரும் எடுப்பதில்லை. முத்துச்செல்வி என்று ஒரு இயந்திரக் குரல் வைத்திருந்தார்கள். அது அழைப்பவர் பேசும் பேச்சைப் பிடித்துக்கொண்டு அதே வட்டாரப் பேச்சில் பதில் சொல்லும். "என்னக்கா, நெட்டு நிக்கா? சங்கடமாத்தான் இருக்கும். சாப்ட்டியளா?" என்று கேட்கும். நான் திட்டினால், "திட்டுங்கக்கா, ஒங்க தங்கச்சிதான" என்று சொல்லும். இப்படி உருகுகிறதை எப்படித் திட்டுவது? அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஒரு ஒயரைச் சரி செய்யத் தெரியாது. எங்கள் ஊர்ப் பேச்சு மட்டும் அச்சு அசலாகத் தெரியும்.

தெருவில் மற்றவர்கள் சகித்துக்கொண்டார்கள். எங்களால் முடியவில்லை. அதற்குக் காரணம் எப்சிபா.

நானும் என் அக்கா ராஜகனியும் பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம். எப்சிபா அக்காவின் ஒரே மகள். கல்யாணமாகி, கணவன் வின்ஸ்டனோடு கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் இருந்தாள். அத்தான் இறந்த பிறகு அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு பழக்கம் ஏற்பட்டது. சாயங்காலம் கோவில் மணி அடித்ததும் அக்கா டேப்லெட்டை அரிசி டப்பாவில் சாய்த்து வைப்பாள். எப்சிக்கு அது காலை. வேலைக்குக் கிளம்பும் முன் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருப்பாள். இங்கே அக்கா பூண்டு உரிப்பாள். அங்கே எப்சி கேரட் நறுக்குவாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள்.

"ஏன்க்கா, வாயத் தொறந்தா முத்து உதிந்துருமா?" என்று நான் கேட்பேன்.

"என்னத்தப் பேசச் சொல்லுத? அவ அங்கன இருக்கா, நான் இங்கன இருக்கேன். முகத்தப் பாத்தாத் தெரியாதா?"

பார்ப்பதிலும் ஒரு கூத்து உண்டு. எப்சி குனிந்திருக்கும்போது அக்கா அவளைப் பார்ப்பாள். எப்சி நிமிர்ந்தால் உடனே பூண்டைப் பார்ப்பாள். பெற்ற மகளிடம்கூட ஒருத்திக்கு இத்தனை கூச்சமா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் எங்கள் வீடே அப்படித்தான். துக்கத்தை வாய்விட்டுச் சொன்னால் அது பெரிதாகிவிடும் என்று எங்கள் அப்பா நினைத்தார். அக்கா அவர் மகள். நான் மட்டும் எப்படியோ வாயோடு பிறந்துவிட்டேன்.

அந்த வாயும் ஒரு தடவை அடைத்துப்போனது. என் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு நான் திரும்பி வந்த அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அக்கா மட்டும், "ரெண்டு நாள் இருந்துட்டுப் போ. பொம்பளன்னா அனுசரிச்சுத்தான் போவணும்" என்றாள். நான் போகவில்லை. அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. அக்காவும் அதற்குப் பிறகு போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மூன்று வேளை சோறு போட்டாள். அவள் அன்பு அப்படிப்பட்டது. அதில் குறை சொன்னால் எனக்குத்தான் பாவம். ஆனாலும் வாழப்போன இடத்தை விட்டு ஒருத்தி வருவது அக்காவுக்கு ஆகாது. அது ஊருக்கே தெரியும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நான் முத்துச்செல்வியிடம் அழுது, அதட்டி, கடைசியில் கனெக்‌ஷனே வேண்டாம் என்றதும் வெள்ளிவலையிலிருந்து ஆள் வந்து ஒரு புதுப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார். "இனிமே வீடியோ நிக்கவே நிக்காதுக்கா" என்றார்.

நிற்கவில்லை. அன்று சாயங்காலம் எப்சி கண்ணாடி மாதிரி தெரிந்தாள். மஞ்சள் டைல்ஸ் ஒட்டிய அவள் அடுக்களை, ஜன்னலுக்கு வெளியே பனி, அவள் நெற்றியில் விழும் முடி, எல்லாம் துல்லியம். அக்கா முகத்தில் அத்தான் போனபிறகு நான் பார்க்காத ஒரு நிம்மதி வந்தது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு கோளாறு. நான் குறுக்கே போய், "ஏட்டி எப்சி, என்ன கொழம்பு?" என்று கேட்டால் படம் உடைந்து கட்டம் கட்டமாகிவிடும். நான் போன பிறகு பழையபடி தெளியும். பல நாள் இப்படியே நடந்ததும் அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"வயலட், நீ வாயத் தொறந்தாலே நெட்டு போயிருது. இனி நீ அடுக்களைக்குள்ள வந்து பேசாத."

"என் வாய்க்கும் கம்பெனிக்காரன் ஒயருக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும்? நீ பேசுத, படம் போவுது."

எப்சியும் அதையே எழுதி அனுப்பினாள். 'சித்தி, பேசினா படம் உடையுது. அம்மாவ இப்பிடிப் பாத்துக்கிட்டு இருந்தாலே போதும்.' ஆக, பேசாத இரண்டு பேருக்கும் பேசாமல் இருக்க நல்லதொரு காரணம் கிடைத்துவிட்டது. எனக்கு அந்த நேரத்தில் வாசல்தான் கதி. ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா "நல்லாருக்கியா?" என்பாள், எப்சி "நல்லாருக்கேம்மா" என்பாள். மாதக்கணக்கில் இதுதான் அவர்கள் பேச்சு.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் சாக்கடை வெட்ட ஜேசிபி வந்தது.

எங்கள் தெருவில் ஜேசிபி வந்தால் தண்ணீர்க் குழாயை உடைக்காமல் போகாது. அன்று குழாயைத் தப்பவிட்டு, கேபிளை அள்ளிவிட்டது. தோண்டிய மண்ணோடு கறுப்பு ஒயர்கள் குடல் மாதிரி தொங்கின. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "நெட்டு போச்சு, எவனுக்கும் வரல" என்று எதிர்வீட்டு ஞானசெல்வம் தலையில் கைவைத்து நின்றார். நான் அவரோடு சேர்ந்து வெள்ளிவலையை நாலு வசைபாடிவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனேன்.

அடுக்களையில் அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். டேப்லெட்டில் எப்சி கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் அப்படியே நின்றேன். வெளியே அறுந்துகிடக்கிற ஒயரை இப்போதுதான் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். பெட்டியின் பின்னால் போய்ச் சுவரிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கினேன். எப்சி கேரட் நறுக்கினாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். லேசாகச் சிரித்துக்கொண்டாள்.

"என்னட்டி செய்யுத?" என்று கிசுகிசுத்தாள் அக்கா, சத்தம் கேட்டால் படம் உடைந்துவிடுமே என்று.

"அக்கா, தெருவுல கேபிள் அந்து கெடக்கு. நெட்டே இல்ல. இது யாரு?" என்று நானும் அவள் காதோரம் கேட்டேன்.

அக்கா டேப்லெட்டைப் பார்த்தாள். பூண்டை முறத்தில் போட்டாள். அவள் இத்தனை மாதத்தில் முதல்முறையாக மகளைக் கூப்பிட்டதை அன்று கேட்டேன்.

"எப்சி?"

அந்தக் குரல் கேட்டதும் படம் உறைந்தது. மஞ்சள் டைல்ஸ் மறைந்தது. வெறும் கறுப்பில் 'தொடர்பு இல்லை' என்ற எழுத்து வந்து நின்றது. கூப்பிடாதவரை இருந்தவள், கூப்பிட்டதும் இல்லாமல் போய்விட்டாள். அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை வெள்ளிவலை ஆபீசில் போய் உட்கார்ந்தோம். கிளைப் பொறுப்பாளர் மதுவந்தி என்று ஒரு சின்னப் பெண், வெளியூர்க்காரி. நாங்கள் திட்ட வந்திருக்கிறோம் என்றே அவளுக்குப் புரியவில்லை. பாராட்ட வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அது அமைதிச் சேமிப்பு மேடம். நம்ம ஏரியா கேபிள் எல்லாம் பழசு. எல்லாருக்கும் ஒரே நேரத்துல வீடியோ தாங்காது. அதனால வீடியோ கால்ல யாரும் பேசாத நேரம் இருக்குல்ல, அப்ப லைனை எடுத்து வேற வீட்டுக்குக் கொடுத்துடுவோம். சும்மா இருக்கிற நேரம்தானே, வேஸ்ட்தானே அது?"

"அப்ப படம் எப்பிடித் தெரியுது?" என்றேன் நான்.

"பழைய வீடியோவை வச்சு பெட்டியே வரையும் மேடம். அவங்க எப்படி நறுக்குவாங்க, எப்படிச் சிரிப்பாங்க எல்லாம் அது கத்துக்கிட்டிருக்கும். யாராவது பேசினா உடனே நிஜ லைன் வந்துடும். அப்ப கொஞ்சம் படம் உடையும். அது மட்டும்தான்."

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பக்கம் எம் மகளுக்கு நான் தெரிவேனா?"

"தாராளமா. உங்க படத்தை நாங்களே வரைஞ்சு அனுப்பிடுவோம். சும்மா பொம்மை மாதிரி இல்ல மேடம், ரொம்ப இயல்பா இருக்கும். அவங்க வாய் அசைஞ்சாலோ முகம் மாறினாலோ, நீங்க நிமிர்ந்து பாத்து அன்பா தலையாட்டுவீங்க."

"நான் நிமிந்து பாக்க மாட்டனே."

"அதனாலதான் மேடம். வாடிக்கையாளருக்கு நல்லாருக்கும்னு சேர்த்தோம்."

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நான் இத்தன மாசமா பாத்த முகம்?"

"உங்க பொண்ணு முகம்தான் மேடம். கொஞ்சம் பழசு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆபீசில் ஏதாவது உடைந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணை என்ன சொல்ல? அவள் செய்தது அல்ல. எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்திருந்த எவனோ, பேசாமல் இருப்பது என்றால் ஒன்றும் நடக்காமல் இருப்பது என்று முடிவு கட்டியிருக்கிறான். அவன் வீட்டில் யாரும் யார் கூடவும் சும்மா உட்கார்ந்ததே இல்லைபோல. இதை நிறுத்து என்று கேட்டோம். ஏரியா முழுக்க ஒரே ஏற்பாடு, ஒரு வீட்டுக்கு மட்டும் மாற்ற முடியாது என்றாள் மதுவந்தி. பாவம், அவளே ஒரு வழியும் சொன்னாள்.

"பேசுங்க மேடம். பேசுறவங்களுக்கு லைன் கண்டிப்பா கொடுக்கிறோம்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

ஆட்டோவில் மார்க்கெட் தாண்டியதும், "எம் பிள்ள மெலிஞ்சிருக்காளா, தடிச்சிருக்காளா, எனக்குத் தெரியாது வயலட்" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அத்தான் சாவுக்குப் பிறகு அன்றுதான். அன்று சாயங்காலம் போன் செய்து, "நல்லாருக்கியா?" என்றாள். "நல்லாருக்கேம்மா" என்று பதில் வந்தது. அக்கா போனை வைத்துவிட்டு, "கொரல்ல என்ன தெரியும்? முகத்தப் பாக்கணும்" என்றாள்.

கேபிளை ஒட்டவைக்க அவர்களுக்குச் சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

நெட் வந்த அன்று கோவில் மணிக்கு முன்பே டேப்லெட்டை எடுத்து வைத்துவிட்டாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "நான் தெணறினா நீ பேசு" என்றாள். மஞ்சள் டைல்ஸ் வந்தது. எப்சி வந்தாள், கொழுகொழுவென்று, நெற்றியில் முடியோடு. இப்போது பார்க்கையில் அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா தொண்டையைச் செருமினாள். பிரசங்க மேடையில் ஏற்றிவிட்டவள் மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"எப்சி... இங்கன பூண்டு இந்தத் தடவ பொடிப் பூண்டா இருக்கு. உரிக்க முடியல. தெருவுல சாக்கடைய வெட்டிப் போட்டுட்டாவ. முருங்கைக்கி கம்பளிப் பூச்சி வந்துட்டு. எட்டி, கேக்கா?"

படம் உடைந்தது. கேரட்டும் கையும் கட்டம் கட்டமாகச் சிதறின. மஞ்சள் டைல்ஸ் கலைந்தது. அக்கா நிறுத்தவில்லை, கம்பளிப் பூச்சியைப் பற்றியே இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னாள். கட்டங்கள் மெல்ல மெல்லக் கூடின.

அது அந்த அடுக்களையே இல்லை. வெறும் வெள்ளைச் சுவர். ஒரு கட்டில். மேஜைமேல் ஒரு மின் அடுப்பு, அதன் பக்கத்திலேயே சீப்பும் மருந்துப் பாட்டிலும். எப்சி முடியைக் காதுவரை வெட்டியிருந்தாள். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகியிருந்தது.

"அம்மா?" என்றாள் எப்சி. "நீ பேசுத!"

"எங்கட்டி இருக்க நீ?" என்றாள் அக்கா. இந்தமுறை பூண்டைப் பார்க்கவில்லை.

"இது நான் எடுத்த ரூம்புதாம்மா. எல்லாத்தயும் அன்னைக்குச் சொன்னேம்லா."

"என்னைக்கு?"

எப்சி கொஞ்சம் தயங்கினாள். "சொன்னேன்னா... மைக்க மியூட்ல போட்டுட்டுத்தான் சொன்னேன். ஒனக்குக் கேட்டுரக் கூடாது. கேட்டா, அனுசரிச்சுப் போன்னு சொல்லிருவியோன்னு பயம். ஆனா ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும் போல இருந்து. வின்ஸ்டன் கைய ஓங்குனது, அடிச்சது, கதவப் பூட்டிட்டுப் போனது, எல்லாத்தயும் சொன்னேன். அழுதேன். நீ எப்பவும் பூண்டத்தான பாப்ப? அன்னைக்கு நிமிந்து பாத்தம்மா. என்ன நேரா பாத்த. பைய தலையாட்டுன. நான் சொல்லச் சொல்ல ஆட்டிக்கிட்டே இருந்த. முகத்தப் பாத்தே அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிட்டு, கெளம்புன்னு சொல்லுதான்னு நெனச்சேன். அன்னைக்கே பெட்டிய எடுத்துட்டு வந்துட்டேன்."

அவள் அழுது சொன்னபோது அங்கே அவள் அம்மா இல்லை. வாய் அசைந்தால் தலையாட்டு என்று எவனோ எழுதிவைத்த கணக்கு ஒன்று இருந்தது. அது பாவம், எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரியாமலே ஆட்டியிருக்கிறது. என் அக்காவுக்குக் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? எப்சி இன்னும் அந்த மஞ்சள் அடுக்களையிலேயே இருந்திருப்பாள். அல்லது ஆளே இல்லாமல் போயிருப்பாள்.

"எப்சி, அது வந்துட்டி..." என்று நான் வாயைத் திறந்தேன்.

அக்கா மேஜைக்கு அடியில் என் தொடையை அழுத்திப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"ஆமாட்டி" என்றாள். "பாத்தேன்."

"நெசமாவா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? நான்தான் தலையாட்டுனேன். நல்லது செஞ்ச. அங்கன இருக்காத. இங்கன வரணும்னா வா. ரெண்டு நாளுக்கில்ல, எப்பவும் இரு."

இந்த வார்த்தைகளைச் சொல்ல அக்காவுக்கு எவ்வளவு வலித்தது என்று என் தொடைக்குத் தெரியும். அவள் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் அதுதான். சொல்லி முடிக்கும்போது அது பொய்யாக இல்லை.

எப்சி கண்ணைத் துடைத்தாள். "அப்பறம் ஏம்மா ஒரு வார்த்த கேக்கல? இத்தன மாசமா நான் இந்த ரூம்புலதான ஒக்காந்திருந்தேன். சோறு தின்னியான்னுகூட நீ கேக்கல."

அக்கா திணறினாள். நான் பேசலாமா என்று அவளைப் பார்த்தேன். அவளே சொல்லிவிட்டாள்.

"நெட்டு சரியில்லட்டி. பேசுனா படம் போயிரும்லா. நீ போயிருவியோன்னு பயந்துட்டேன்."

எப்சி சிரித்தாள், அழுகையோடு. "சவத்து நெட்டு" என்றாள். வெள்ளிவலை எங்களுக்கு எத்தனையோ தொல்லை கொடுத்திருக்கிறது. ஒரு தாயின் மானத்தைக் காப்பாற்றியதும் அதுதான் என்பதை நான் மறுக்க முடியாது.

"அம்மா, இன்னொருக்கா ஆட்டும்மா. அன்னைக்கு ஆட்டுன மாதிரி. பாக்கணும் போல இருக்கு."

அக்கா நிமிர்ந்து, மகளை நேராகப் பார்த்து, தலையாட்டினாள். அதற்குள் படம் மறுபடி உடைந்தது. நிஜ லைன் அல்லவா, உடையத்தான் செய்யும்.

"படம் நின்னுட்டும்மா. நீ ஆட்டுனது வரல" என்றது எப்சியின் குரல்.

நான் டேப்லெட்டைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தேன். அக்கா எழுந்து அதன் முன்னால் வந்து நின்று மறுபடி தலையாட்டினாள்.

"வந்துட்டாட்டி?"

"பாதிதாம்மா வந்துருக்கு."

"வரட்டும்" என்றாள் அக்கா. அது போய்ச் சேரும்வரை தலையாட்டிக்கொண்டே நின்றாள்.